ஒரே பெஞ்சு

எக்ஹார்ட் ஷ்லூட்டரின் மேசை மேல் உள்ளூர்க் கால்பந்து அணியின் கழுத்துத் துண்டுகள் முப்பத்தாறு குவிந்து கிடந்தன.

"சனிக்கிழமை ப்ரூமலைப் பார்ப்பீங்கல்ல? எல்லாத்துலயும் கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க," என்றாள் பக்கத்து மேசை இல்கா. "ஒரே பெஞ்சுல படிச்சவருக்கு இதுகூடச் செய்ய மாட்டாரா?"

எல்லாம் ஷ்லூட்டரின் வாய்க்கொழுப்பு செய்த வேலை. ஹால்டன்ரோடே ஊரில் ஹார்ட்விக் ப்ரூமலைத் தெரியாத குழந்தை கிடையாது. சுரங்கத் தெருப் பையன், கோல் மேல் கோலாக அடித்தவர், இப்போது அதே அணிக்குப் பயிற்சியாளர். ரொட்டிக்கடையில் அவர் முகம் போட்ட கேக் விற்கிறார்கள். பாதிரியாரின் பிரசங்கத்திலும் பாதி அவர்தான்.

ஷ்லூட்டரையோ, குடிநீர் அலுவலகத்தில் இருபது வருடமாக ஏனென்று கேட்க நாதியில்லை. போன மாதம் உணவுக்கூடத்தில் சாசேஜை மென்றபடி, "ப்ரூமலா? சுரங்கத் தெருப் பள்ளிக்கூடத்துல என் பக்கத்துலதானே உட்காருவான்," என்று அவிழ்த்துவிட்டார். அவர் படித்ததெல்லாம் எங்கோ இருக்கும் காஸல் நகரத்தில். ஆனால் அன்றிலிருந்து மேலதிகாரி தெர்ஹோர்ஸ்ட் அம்மாளே எழுந்து வணக்கம் சொல்கிறார். அந்தச் சுகத்தை விட மனசு வருமா?

முப்பத்தாறிலும் ப்ரூமலின் கையெழுத்தை ஷ்லூட்டரே போட்டுக் கொண்டுவந்தார். தெர்ஹோர்ஸ்ட் அம்மாள் அசந்துபோனார்.

"இவ்வளவு நெருக்கமா? வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்துல அவர் பேர்ல கல்வெட்டு திறக்கறாங்க. நீங்கதான் பேசறீங்க. மேயர்கிட்ட சொல்லிட்டேன்."

"தொண்டை கட்டியிருக்குங்க."

"அப்போ கட்டிப்பிடிச்சாப் போதும். பத்திரிகைக்காரங்க வர்றாங்க."

ஷ்லூட்டர் நாள்காட்டியைப் பார்த்துக் கணக்குப் போட்டார். புதன்கிழமை ஆட்டத்தில் தோற்றால் ப்ரூமலை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், விழாவும் நின்றுபோகும். ஒரு ஆட்டம் விடாமல் பார்க்கும் மனுஷன், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் அணி தோற்க வேண்டுமென்று சாமியைக் கும்பிட்டார். அணி நாலுக்குப் பூஜ்யம் என்று வென்றது. வெள்ளிக்கிழமை பத்திரிகையோடு தொலைக்காட்சியும் வந்து இறங்கியது.

பள்ளி முற்றத்தில் ஊரே திரண்டிருந்தது. இல்கா முன்வரிசையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். ப்ரூமல் 'யாருய்யா இவன்?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், மானம் கப்பலேறிவிடும். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு காஸலுக்கே ரயிலேற வேண்டியதுதான்.

"உங்க பெஞ்சுத் தோழர்," என்று மேயர் அவரை முன்னால் தள்ளிவிட்டார்.

ப்ரூமல் மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பு அப்படியே உறைந்தது. அடுத்த நொடி, பாய்ந்து வந்து எலும்பு நொறுங்கக் கட்டிப்பிடித்தார். கூட்டம் விசிலடித்துத் தீர்த்தது. இல்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ப்ரூமல் பிடியைத் தளர்த்தவில்லை. ஷ்லூட்டரின் காதோரம் அவர் குரல் நடுங்கியது.

"உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன், காட்டிக்கொடுத்துடாதீங்க. நான் இந்தப் பள்ளிக்கூடத்துல மழைக்குக்கூட ஒதுங்கினதில்ல."