பத்தொன்பது பூச்சு வாயில் திறந்த படலம்

வாழிய! வாழிய! பதினேழாம் வார்டின் காவலர், மனுக்கள் மண்டிய மார்புப் பையினர், மேசை தட்டித் தட்டித் தழும்பேறிய தடக்கையர், மைக் கிடைத்தால் விடாதவர், கூட்டம் தொடங்குமுன் வந்து, கூட்டம் கலைந்த பின்னும் காலி நாற்காலிகளுக்கு உரையாற்றும் கடமை தவறாச் செம்மல், நம் கவுன்சிலர் பெருந்தகை வாழிய! முத்திரை மையே, வேண்டிய இடத்தில் மட்டும் பதியாத நீல மையே, இக்கதை முடியுமட்டும் உலராதிருப்பாய்! கோப்பைக் கட்டும் நாடாவே, கட்டியவரே மறந்துபோன முடிச்சினை உடைய நாடாவே, சற்றே அவிழ்ந்து வழிவிடுவாய்! ஒரு பூங்காவின் இரும்பு வாயிலை ஒரு மனிதர் திறந்த கதையைச் சொல்லப்போகிறேன். உட்கார்ந்து கேளுங்கள், நின்றால் கால் வலிக்கும்.

இப்போர் மூண்ட காரணம் மண்ணாசை அன்று, பொன்னாசை அன்று, சர்க்கரை. மாநகராட்சி முழுவதையும் எதிர்த்து நிற்கும் கணவரை ஒற்றைப் பார்வையில் உட்காரவைக்கும் ஆற்றல் படைத்த அவருடைய இல்லக்கிழத்தியாரின் இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. "தினமும் முக்கால் மணி நேரம் நடங்கம்மா. அடுத்த மாசம் கடைசித் தேதி வந்து டெஸ்ட் பண்ணுங்க. குறையலைன்னா ஊசிதான்" என்றார் டாக்டர். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே துணி தைக்கும் ஊசியையும் கீழே போட்டுவிடுபவர் அம்மையார். தெருவில் நடக்கலாமென்று இறங்கினால், நடைபாதையில் ஸ்கூட்டர்கள் ஓடின. முதல் நாளே ஒரு ஸ்கூட்டரின் கைப்பிடி அவர் முழங்கையைப் பதம் பார்த்தது. ஆகவே அம்மையார் வீட்டுக்குள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்.

காலையில் நூறு சுற்று, மாலையில் நூறு சுற்று! அம்மேசையில் செய்தித்தாளை விரித்து வீற்றிருக்கும் நம் பெருந்தகை, அம்மையார் தம்மைக் கடக்குந்தோறும் நீட்டிய காலை மடக்கி நாற்காலிமேல் ஏற்றிக்கொள்ள வேண்டும். அவர் கடந்தபின் இறக்கிக்கொள்ள வேண்டும். தலையங்கத்தின் ஒரு வாக்கியம் முடியுமுன் மீண்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி அம்மையாரின் வலது முழங்கால் வீங்கியது. சரியென்று எதிர்ப்பக்கம் சுற்றினார். இடது முழங்காலும் வீங்கியது. ஒரு நாள் அறுபத்து மூன்றாம் சுற்றில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"தெருக்கோடியில அவ்வளவு பெரிய பூங்கா கெடக்குது. அதோட கேட்டைத் தொறக்கத் துப்பில்ல. நீங்க ஒரு கவுன்சிலர்!"

சொல் நெஞ்சில் தைத்தது. எழுந்தார் வீரர். மடியிலிருந்து செய்தித்தாள் சரிந்தது, மூக்குக்கண்ணாடி நழுவியது, சமையலறையில் குக்கர் விசில் ஊதியது. வலக்கை உயர்த்தி வஞ்சினம் உரைத்தார்:

"கேட்பாயாக, என் மனைவிளக்கே! அடுத்த திங்கள் முடியுமுன்னர் அவ்வாயில் திறக்கும். திறவாதாயின், நம் வாசற்பலகையில் 'மாமன்ற உறுப்பினர்' என்று பொறித்த எழுத்துகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்து வீழ்க!"

"பலகை கெடக்கட்டும். தொறந்தா நீங்களும் கூட வந்து நடப்பீங்களா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

காரிலிருந்து மேடைக்கும் மேடையிலிருந்து காருக்கும் அன்றி வேறெங்கும் நடந்தறியாத பெருந்தகை ஒரு கணம் திகைத்தார். எனினும் வஞ்சினம் உரைத்த வாய் சூட்டோடு சூடாக "நடப்பேன்" என்று சொல்லிவிட்டது.

இனி அவ்வாயிலின் வரலாறு கேண்மின். பூங்காப் பராமரிப்புக்கென்று ஆண்டுதோறும் நிதி வரும். கணக்காண்டு முடியுமுன் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும். போனது மறு ஆண்டு வராது. உள்ளே போய்ப் புதர் வெட்டலாமென்றால் பாம்பு இருக்கும், வெயில் இருக்கும், வேலை இருக்கும். வாயிலோ சாலையைப் பார்த்து நிற்பது, வருவோர் போவோர் கண்ணில் படுவது. எனவே கடைசி மாதத்தில் வாயிலுக்கு ஒரு பூச்சுப் பெயிண்ட். இப்படிப் பத்தொன்பது ஆண்டு, பத்தொன்பது பூச்சு! கீல் மறைந்தது, தாழ் மறைந்தது, பூட்டு இருந்த இடத்தில் முட்டையளவு ஒரு புடைப்பு மட்டும் எஞ்சியது. மார்பளவு தகடும் மேலே கம்பியுமாய் இருந்த இரட்டைக் கதவு, இரண்டென்று சொல்ல முடியாதபடி ஒன்றாய் உறைந்தது. சாவி என்னவோ அலுவலக ஆணியில் எண் எழுதிய தகட்டோடு பத்திரமாகத் தொங்கியது. அதை நுழைக்கும் துளைதான் இருக்குமிடம் தெரியவில்லை.

முதற்களம் பூங்கா மேற்பார்வையாளரின் அறை. இவரை அலுவலகம் முழுவதும் 'பார்க்கலாம்' என்றே அழைக்கும். முப்பதாண்டுப் பணியில் 'முடியும்' என்று சொல்லி மாட்டிக்கொண்டதும் இல்லை, 'முடியாது' என்று சொல்லிப் பகைத்துக்கொண்டதும் இல்லை. கொம்பன் கவுன்சிலர்கள் எத்தனையோ பேர் அந்த மேசைமுன் வந்து முட்டி, டீ குடித்துத் திரும்பியிருக்கிறார்கள்.

"கேட்டா சார்? போன வருஷம்தானே பளபளன்னு பண்ணினோம். அதுல என்ன சார் குறை?"

"திறக்கவில்லை, ஐயா! திறக்கவில்லை!" என்று முழங்கினார் நம்மவர்.

"அது வேற சார். நமக்கு நிதி வர்றது பூசறதுக்கு. தொறக்கறதுக்குத் தனித் தலைப்பு வேணும்."

"அந்தத் தலைப்பு உண்டா?"

"பார்க்கலாம் சார்."

டீ வந்தது. குடித்துவிட்டுத் திரும்பினார்.

இரண்டாம் களம் மாமன்றம். அன்று அவர் ஆற்றிய உரை ஒன்றரை மணி நேரம்! தண்ணீர்க் குழாயே இழுக்காமல் அலுவலக முற்றத்தில் எழுப்பிய செயற்கை நீரூற்றை எடுத்தார்; அதில் யாரும் குளித்துவிடாதபடி காவலுக்கு நியமித்த மூன்று காவலாளிகளைத் தொடுத்தார்; எவரும் நுழைய முடியாத பதினேழாம் வார்டுப் பூங்காவுக்கென்று அச்சடித்த, 'புல்தரையில் நடக்காதீர்' என்னும் இருநூறு பலகைகளை விடுத்தார். சொல்லம்புகள் மழையெனப் பொழிந்தன. தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர்களும் விழித்து மேசையைத் தட்டினர். மேயர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அக்கணமே 'வாயில் ஆய்வுக் குழு' பிறந்தது. குழுவினர் இரண்டு கார்களில் சென்றனர். வாயிலில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டனர். தங்க எழுத்து பொறித்த மூன்று பாகங்களில் அறிக்கை தந்தனர். பூங்காச் சுவரை இடித்து, ரிமோட்டில் திறக்கும் அலங்கார வளைவு ஒன்று கட்டவேண்டும். அதுவரை இருக்கும் வாயிலைத் தொடர்ந்து பூசிவர வேண்டும். கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற கதைதான், வேறென்ன!

உரையாற்றிய அன்றே, கூட்டம் முடிந்ததும், பணிக்குழு உறுப்பினர் என்ற முறையில் நம் பெருந்தகைமுன் வழக்கம்போல் ஒரு கட்டுக் காகிதம் வந்தது. கைத்தட்டல் இன்னும் காதில் ஒலிக்க, வழக்கம்போல் படிக்காமலே பதினொரு இடத்தில் கையெழுத்திட்டு, ஒவ்வொன்றின் கீழும் தமக்கே உரிய இரண்டு புள்ளிகளையும் வைத்தார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

நாள்கள் உதிர்ந்தன. பரிசோதனைக்கு முந்தைய நாளும் வந்தது. அன்று காலை அம்மையார் மேசையைச் சுற்றவில்லை. முழங்காலில் தைலம் தடவி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "பரவாயில்ல விடுங்க. ஊசின்னா ஊசி. எத்தனையோ பேர் போட்டுக்கறாங்க" என்றார். மாமன்றத்தில் எத்தனையோ பேர் நம்மவரைத் திட்டியிருக்கிறார்கள். இப்படி யாரும் மன்னித்ததில்லை.

புறப்பட்டார் வீரர்! வலக்கையில் சுரண்டி, இடக்கையில் சுத்தியல், இடுப்பில் திருப்புளி, முதல் நாளே பதிவேட்டில் கையெழுத்திட்டு வாங்கிய சாவி சட்டைப்பையில், தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டி மற்றொரு பையில். குடையும் பிளாஸ்க்கும் ஏந்தி அம்மையார் நொண்டிக்கொண்டே பின்தொடர, காலை ஆறரை மணிக்கு வாயிலை அடைந்தார். "இரும்பே! பத்தொன்பது ஆண்டு வாய்மூடி இருந்தனை, இன்று பேசுவாய்!" என்று அறைகூவிச் சுரண்டியைப் பாய்ச்சினார்.

முதலில் பச்சை உதிர்ந்தது. அதன் அடியில் நீலம். முந்தைய மேயருக்குப் பச்சை கண்ணில் பட்டால் ஆகாது. நீலத்தின் அடியில் மஞ்சள், மஞ்சளின் அடியில் மறுபடியும் பச்சை, அதன் அடியில் காவி கலந்த ஏதோ ஒன்று. மேயர்கள் ஒவ்வொருவராய்ச் செதிள் செதிளாகத் தரையில் வீழ்ந்தனர். பதினோராம் பூச்சில் ஒரு பிரஷ் அப்படியே ஒட்டிக் கிடந்தது. பதினேழாம் பூச்சின் அடியில் ஒரு காகிதம்: 'இப்பூங்கா விரைவில் திறக்கப்படும்.' வியர்வை ஆறாய்ப் பெருகியது. பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "சார், அடுப்புல காட்டுங்க, உருகிடும்" என்றார். சிலிண்டர் தூக்கி வந்தவர், "ஒதைங்க சார்" என்றார். உதைத்தார். வாயில் அசையவில்லை, பெருவிரல் அசைந்தது, அசையக்கூடாத பக்கமாக.

ஒன்பது மணிக்குத் துளை தெரிந்தது! எண்ணெயைச் சொட்டினார், சாவியை நுழைத்தார், திருகினார். பத்தொன்பது ஆண்டு மௌனம் கலைந்த கதவு, காகங்கள் கலைந்தோட, நாய்கள் ஊளையிட, தெருவே காதைப் பொத்திக்கொள்ளக் கிரீச்சென்று அலறி, நான்கடி திறந்து நின்றது. வாகை சூடிய பெருந்தகை வாகைக்குப் பதில் தலையெல்லாம் பெயிண்ட் செதில் சூடி, அம்மையாரை நோக்கிக் கையை நீட்டினார்.

அம்மையார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க" என்றார்.

உள்ளே புதர் இடுப்பளவு. ஆனால் சருகுக்கு அடியில் வட்டமான நடைபாதை அப்படியே இருந்தது. மேசை இல்லை, நாற்காலி இல்லை, அடிக்கொரு தரம் திரும்ப வேண்டியதும் இல்லை. முதல் வளைவிலேயே வீரருக்கு மூச்சு வாங்கியது. கோடி மூலையில், ஆள் உயரப் புதருக்குப் பின்னால் அம்மையார் நின்று, "காத்து நல்லாருக்குல்ல?" என்றார். தேர்தலில் வென்ற அன்றுகூட நம்மவருக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

அவ்வேளையில் வாயிலை வந்தடைந்தான் ஒருவன். தோளில் ஏணி, கையில் பச்சை வாளி, மாநகராட்சி ஒப்பந்தப் பெயிண்டர். சுரண்டிய கதவைக் கண்டான். "அடப்பாவமே, யாரு இப்படிக் கொதறி வச்சது?" என்று மனமுருகி, சாத்தினால்தானே பூச முடியும் என்று சாத்தி, சட்டென்று பூசி முடித்தான். பழைய குருடி கதவைத் திறடி!

முதல் சுற்றை முடித்து வந்த இருவரும் கம்பிக்கு உட்புறம் நின்றனர்.

"யாரப்பா கதவைச் சாத்தினது?"

"ஐயோ, தொடாதீங்க சார், ஈரம்! காய நாலு மணி நேரம் ஆகும்."

"எவன் இட்ட ஆணை இது? எவன் இட்ட ஆணை? அவன் பதவி அழிக!"

பெயிண்டர் கம்பி இடுக்கு வழியே ஒரு காகிதத்தை நீட்டினான். இருபதாம் பூச்சுக்கு அனுமதி. கீழே கையெழுத்து, கையெழுத்தின் கீழ் இரண்டு புள்ளி. நுணல் வாயால் கெடும். நம் பெருந்தகை கையால் கெட்டார். தோளுக்கு மேலாக எட்டி அம்மையாரும் படித்தார்.

தள்ளித் திறந்துவிடலாம்தான். கையை உயர்த்தியும்விட்டார்.

"சார், கை வச்சா அடையாளம் விழுந்துடும். திரும்ப ஒரு தடவ முழுசா பூசச் சொல்லுவாங்க" என்றான் பெயிண்டர்.

இருபத்தொன்றாம் பூச்சா? வீண்செலவின் வைரி, நிதியின் நெடுங்காவலர், தம் கையாலேயே இன்னொரு வாளிப் பெயிண்டை மாநகராட்சியின் தலையில் கட்டுவதா? உயர்ந்த கை தாழ்ந்தது. "அந்தப் பூட்டுத் துளையை மட்டுமாவது துடைச்சு விடுப்பா" என்றார். அவன் துண்டின் நுனியால் துடைத்துவிட்டான். பத்தொன்பது ஆண்டில் அவ்வாயில் கண்ட முதற் சீர்திருத்தம் அது.

"மாநகரீர்! கேண்மின்..." என்று தொடங்கினார்.

"நடப்பேன்னு சொன்னீங்கல்ல? வாங்க" என்றார் அம்மையார்.

அங்ஙனமே, பெருவிரல் நொண்ட, பெயிண்ட் செதில் பறக்க, திரும்பிப் பார்க்குந்தோறும் பச்சைப் பசேலெனப் பளபளத்து நகைக்கும் தம் கையெழுத்தின் பயனைக் கண்டு பெருமூச்செறிந்து, முன்னே மனைவிளக்கு செல்லப் பின்னே பதினேழாம் வார்டின் காவலர், சருகு நொறுங்கச் சுற்றின்மேல் சுற்றாய், வெயில் ஏற ஏற, அவ்வட்டப் பாதையை வலம்வந்து வலம்வந்து வலம்வந்தார்.

மறுநாள் அம்மாவுக்குச் சர்க்கரை குறைஞ்சிருந்தது, ஐயாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது.