டயரைச் சூடேற்றப் போன இடத்தில்

பொய் சொல்லும் கணவர்களில் இரண்டு வகை உண்டு. மாட்டிக்கொள்கிறவர்கள் ஒரு வகை. யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. (இரண்டாவது வகையில் இதுவரை நான் ஒருத்தன்தான் என்று என் மனைவி கவிதா சொல்கிறாள்.)

ரேஸ் டிராக்கில் 'டிராக் டே' என்று ஒன்று நடக்கும். கட்டணம் கட்டினால் அன்று நம் சொந்த பைக்கை ஆசை தீர ஓட்டலாம். வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்கள், தோல் உடையை மாட்டிக்கொண்டு வீரர்களாகிவிடும் இடம் அது. நான் வீரனாகி முதல் சுற்றின் இரண்டாவது வளைவிலேயே சறுக்கி விழுந்து, காறை எலும்பை உடைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கவிதா அழவில்லை. "வண்டியை வித்துடுங்க. இதுல மட்டும் பொய் சொன்னீங்கன்னா நான் எங்க அப்பா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

எலும்பு கூடியதும், விற்றுவிட்டேன் என்று சொன்னேன். வண்டி அப்போது இருந்தது அவள் அப்பா வீட்டில்.

மாமனார் ஆவடி தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர், கோவில்பதாகையில் சொந்த வீடு. அத்தை இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் திருநெல்வேலியில் தம்பி வீட்டுக்கு ஒரு மாதம் கிளம்பும்போது, அத்தை படத்துக்கு தினமும் விளக்கேற்றச் சொல்லி என்னிடம் சாவியைக் கொடுத்தார். கொரட்டூரிலிருந்து தவறாமல் போய்வந்தேன். என் பக்தியைப் பார்த்து கவிதா நெகிழ்ந்துபோனாள். பைக், கூடத்தில் அத்தை படத்துக்கு நேர் எதிரே நின்றது.

எல்லாவற்றுக்கும் காரணம் டிராக் நண்பன் பிரபு. "மச்சான், நீ உழுந்தது உன் தப்பே இல்ல. டயரு ஜில்லுனு இருந்துச்சு, அதான் வழுக்கிடுச்சு" என்றான். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவனுக்கு நான் கோயில் கட்டியிருப்பேன். கூடவே தன் டயர் வார்மரையும் இரவல் தந்தான். சக்கரத்தைச் சுற்றிக் கட்டுகிற கறுப்புக் கம்பளி அது. கரண்ட் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் டயர் எண்பது டிகிரிக்கு வரும். டிராக்கிலேயே கட்டி, அவிழ்த்த கையோடு ஓட்டவேண்டும். ஆனால் அங்கே பிளக் பாயின்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் வீட்டிலேயே சூடேற்றி, கம்பளியோடு மினி வேனில் ஏற்றிப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன், இட்லியை ஹாட்பேக்கில் கொண்டுபோவது மாதிரி. ஒன்றரை மணி நேரப் பயணத்தில் டயர் ஆறிவிடும் என்பது இன்ஜினீயரிங் படித்த என் மூளைக்கு எட்டவில்லை.

ஒரு வாரம் மத்தியான இடைவேளையில் ஒத்திகை பார்த்தேன். அக்கம்பக்கம் தெரியக்கூடாதென்று ஜன்னல்களை அடைத்தால், உச்சி வெயிலிலும் கூடம் இருட்டாகிவிடும். ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திய வண்டி, கறுப்புக் கம்பளி, வார்மரின் இரண்டு சிவப்பு விளக்குகள், அதன் மெல்லிய முனகல். கம்பளியைத் தொட்டால் காய்ச்சல்காரர் நெற்றி போலச் சுட்டது. ஒரு நாள், காற்றே இல்லாத கூடத்தில் பின்சக்கரம் தானாக லேசாகத் திரும்பியது. வயரின் கனம் இழுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். சத்தமாகவே சொல்லிக்கொண்டேன்.

எதிர்வீட்டு சரோஜா அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நைனா, ஊட்டுக்குள்ள யாராச்சும் கீறாங்களா?"

"இல்லையேக்கா."

"மத்தியானம் ஆனா முனகுற சத்தம் கேக்குதுபா. உன் மாமியாரு முடியாம படுத்துகினு இருந்தப்போ இப்டிதான் முனகும்."

சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து விளக்கேற்றிவிட்டு, படத்துக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தேன்.

டிராக் டே ஞாயிற்றுக்கிழமை வந்தது. எனக்கு மூன்று மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். பதினொரு மணிக்கு வார்மரைப் போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு மினி வேனைக் கூட்டிவரப் போனேன். திரும்பி வந்தபோது பூட்டு திறந்து தொங்கியது. வாசல் கதவு ஒருக்களித்திருந்தது.

டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "சார், நான் இங்கியே கீறேன். நீ போய்ட்டு வா" என்றார்.

உள்ளே போனேன். அதே இருட்டு, அதே இரண்டு சிவப்பு விளக்குகள், அதே முனகல். அப்போது அத்தை படம் இருந்த பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் மெதுவாகக் கேட்டது.

"யாரு வந்திருக்கா?"

அத்தையின் குரல்.

நான் ஓடவில்லை. (ஓடுவதற்குக் கால் இருக்கவேண்டும்.) நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். "அத்தை! மன்னிச்சிடுங்க அத்தை! வண்டியை நான் விக்கல. கவிதாகிட்ட பொய் சொல்லிட்டேன். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி நீங்க கொடுத்தனுப்பின அதிரசத்தைக்கூட வழியில நாய்க்குப் போட்டுட்டேன். என்னை என்ன வேணா பண்ணுங்க, அவளை மட்டும் என்கிட்டேருந்து பிரிச்சிடாதீங்க. அவ இல்லன்னா நான் ஒண்ணுமே இல்ல அத்தை!"

இரண்டு சிவப்பு விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. முனகலும் நின்றது. அந்த அமைதியில் சமையலறைப் பக்கமிருந்து காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. வெள்ளை வேட்டி, கையில் டெஸ்டர். மாமனார்.

"வயரு பொசுங்குத வாடை வந்துச்சு மாப்ள, மெயினை அணைச்சிட்டேன்" என்றார். "இது என்ன சோலி?"

ஊரிலிருந்து முன்னதாகவே திரும்பி, தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் திறந்திருக்கிறார். கூடத்தில் பைக் நின்றதைப் பார்த்துவிட்டு மகளுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரை ஆன் செய்து, போனைப் படத்துக்குக் கீழே ஷெல்ஃபில் வைத்துவிட்டு மெயினை அணைக்கப் போயிருக்கிறார். அந்த போனிலிருந்து கவிதா பேசினாள்.

"அப்பா, அவரை எழுந்திருக்கச் சொல்லுங்க."

சொன்னபடியே அன்று சாயங்காலம் அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். பதினொரு நாள். கொரட்டூர் வீட்டில் ஒரு தட்டில் சாப்பிட்டு ஒரு தட்டைக் கழுவினேன். அந்த மாதிரி நாட்கள் எதிரிக்கும் வேண்டாம். பன்னிரண்டாம் நாள், வண்டியை நிஜமாகவே விற்றுவிட்டுப் போய் நின்றேன். "என்கிட்ட வேணாம். அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். படத்தைப் பார்த்துச் சொன்னேன். அன்று பெட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் இந்தக் கதைதான். மாமனார் தரையில் விழுந்தே நடித்துக் காட்டுவார். யார் வீட்டில் அதிரசம் சுட்டாலும், "தெருவுல நாய் இருக்கானு பாத்துட்டு மாப்ளைக்கு வைங்க" என்பார்கள்.

போன மாதம் அப்படி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, "என்ன இருந்தாலும் கவி, அன்னிக்கு 'யாரு வந்திருக்கா'ன்னு நீ கேட்டது அப்படியே அத்தை குரல்" என்றேன்.

கவிதா சிரிப்பை நிறுத்தினாள். "நான் எங்க கேட்டேன்? கதவு சத்தம் கேட்டதும் திருடனோன்னு பயந்து மூச்சுகூட விடலையே. நீங்கதான் வந்ததும் வராததுமா 'அத்தை'ன்னு அலறினீங்க."

மாமனார் படத்தைப் பார்த்தார்.

கதையை இப்போதும் சொல்கிறார்கள். அந்த ஒரு இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நானோ, கவிதாவிடம் பொய் சொல்வதை அடியோடு விட்டுவிட்டேன்.