கடல் தாண்டிப் பெண் பார்க்கும் படலம்

மாதேஸ்வரன் துணை

மைசூர், அக்ரஹாரம்.

ஹனூர் மேற்குத் தோட்டத்தில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் குப்புசாமி அவர்களுக்கு, மைசூரில் மகன் வீட்டில் இருக்கும் கரியப்பன் வணக்கம் சொல்லி எழுதுவித்த கடிதம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் கறவை மாடும் சுகமாக இருக்க மாதேஸ்வரன் அருள வேண்டும். இங்கே என் சுகம் எப்படி என்பதைக் கடிதம் முடிந்ததும் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதை எழுதுவது எதிர் வீட்டு பர்னபாஸ் வாத்தியார். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். பேத்தி தமிழ்ப்ரியாவுக்குப் பெயரில்தான் தமிழ். பேசுவது கன்னடம், எழுதுவது இங்கிலீஷ். மகன் விஜய்குமாரிடம் சொல்லி எழுத முடியாது, கடிதமே அவன் மேல்தான். போனில் பேசலாம் என்றால், இந்த வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்ட பிறகுதான் என் கையில் கொடுக்கிறார்கள். வாத்தியார் நல்ல மனுஷர்தான், இருந்தாலும் ஒவ்வொரு பத்தியையும் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். ஓரிடத்தில் 'ஐயப்படுகிறேன்' என்று அவராக ஒரு வார்த்தையைப் போட்டிருந்தார். நான் ஐயப்படவில்லை, எனக்குத் தெரியும் என்று சொல்லி அடிக்க வைத்தேன். கீழே ஓரிடம் கறுப்பாக இருந்தால் அதுதான் காரணம்.

விஷயம் இதுதான் மச்சான். உங்கள் தங்கை மாதேவி போய் மூன்றாவது திதி கூட இன்னும் வரவில்லை. அதற்குள் உங்கள் மருமகன் எனக்கு ரெண்டாம் கலியாணம் செய்து வைக்கப் பார்க்கிறான். அதுவும் இங்கே இல்லை. கடல் தாண்டி, தாய்லாந்து தேசத்தில், கோ சமுய் என்று ஒரு தீவில்.

கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நீங்கள் உங்கள் வீட்டுக்காரியிடம் சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. பொறுமையாகக் கேளுங்கள். ரெண்டு மாதம் முந்தி ராத்திரி சாப்பாட்டில் விஜி சொன்னான்: "அப்பா, தை மாசம் எல்லாரும் ஒரு டிரிப் போறோமுங்க. தீவு. சுத்தியும் கடல். அஞ்சு நாள்தான், சும்மா போயிட்டு வந்தர்லாம்." நான் கேட்டேன், "எல்லாரும்னா யாரு?" அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நாம, அப்பறம் என்ற ஆபீஸ் சந்துரு குடும்பம்" என்றான். குடும்பம் என்றால் யார் யார் என்று விடாமல் கேட்டதும் மருமகள் சுசித்ரா ரசம் ஊற்றுகிற சாக்கில், "சந்துரு அண்ணன், அவரு வீட்டுக்காரி, அப்பறம் அவங்கம்மா மாதம்மா. கொள்ளேகாலுல தனியா இருக்காங்களே, அவிங்க" என்று மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னதைக் கவனியுங்கள். ரசத்தைப் பற்றிச் சொல்லும்போது அவள் அப்படிச் சொல்ல மாட்டாள்.

சும்மா போயிட்டு வந்தர்லாம். இந்த வார்த்தையை நான் முதலில் யார் வாயில் கேட்டேன் என்று ஞாபகம் இருக்கிறதா மச்சான்? உங்களுக்கு இருக்காது. எனக்கு இருக்கிறது. எழுதி வைக்கத் தெரியாதவனால் எதையும் மறக்க முடியாது. கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டு, சித்திரை வெயில், உங்கள் கையில் பாதி தின்ற வெள்ளரிக்காய். "கரியா, மலைக்குச் சும்மா போயிட்டு வந்தர்லாம் வா, ரெண்டு பேரும் மொட்டையப் போட்டுட்டு வருவோம்" என்றீர்கள். சிநேகிதன் கூப்பிடுகிறானே என்று நம்பி வந்தேன். மாதேஸ்வரன் மலையில் என்னை முதலில் நாவிதர் முன்னால் உட்கார வைத்துவிட்டு, என் தலை முழுசாக மழித்துச் சந்தனம் அப்பின பிறகு, உங்கள் தலைக்கு இன்னொரு நாள் பார்க்கலாம் என்றீர்கள். சத்திரத்துப் பக்கம் திரும்பினால் உங்கள் அப்பா, அம்மா, சித்தப்பா, தூணுக்குப் பின்னால் மாதேவி. "அட, நீங்களும் வந்திருக்கீங்களா!" என்று உங்கள் அப்பா வாயைப் பிளந்தாரே, அப்படி நடிக்க இன்றைக்கும் ஆள் இல்லை. நம் பக்கத்து வழக்கம் அதுதானே. பெண் பார்க்கப் போகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. ரெண்டு குடும்பமும் தற்செயலாக மலை ஏறும். பிடித்தால் பேச்சு நடக்கும், பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டதாக ஆகிவிடும், யாருக்கும் அவமானம் இல்லை. நல்ல வழக்கம்தான். ஆனால் பார்க்கப்படுகிறவனுக்கு மட்டும் மொட்டை அடிப்பது எந்த ஊர் வழக்கம்? மாதேவி கடைசி வரைக்கும் என்னை அந்தக் கோலத்தில்தான் நினைத்துச் சிரித்தாள்.

அதனால்தான் விஜி சொன்ன அன்றைக்கே ஒரு கேள்வி போட்டேன். பொதுவாகக் கேட்கிற மாதிரி, "அந்தத் தீவுல கோயில் ஏதாச்சும் இருக்குதா?" அவன் சந்தோஷமாக, "இருக்குதுங்ப்பா! பெரிய புத்தர் செலை. மேட்டு மேல, படி ஏறிப் போகோணும்" என்றான். ரெண்டு குடும்பம், மேடு, படி, கோயில். இனி என்ன மச்சான் பாக்கி? நாவிதர் ஒருத்தர்தான்.

அடுத்த வாரமே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். பாஸ்போர்ட் என்று சொல்லி ஒரு ஆபீசுக்குக் கூட்டிப் போனான். அங்கே ஒரு சின்னப் பெண் என்னை வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்து, "அஜ்ஜா, தலைத் துண்டு எடுங்க. காது தெரியணும். சிரிக்க வேண்டாம்" என்கிறாள். மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்போம். காதைப் பார்க்கிறவர்கள் யார்? பிறகு பத்து விரலையும் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னார்கள். நிலம் எழுதிக் கொடுத்தபோது கூட ஒரு பெருவிரல்தான் கேட்டார்கள். பிறந்த நாள், பிறந்த ஊர், அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் விசாரித்தார்கள். கோத்திரம் ஒன்றைத்தான் விட்டுவிட்டார்கள், இந்த வயதில் அது போதும் என்று நினைத்திருக்கலாம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. ஒரு நாள் காலையில் வாசலில் போலீஸ். அந்த ஆள் எதிர் வீட்டில் போய் இந்த வாத்தியாரிடமே விசாரிக்கிறார், ஆள் எப்படி, எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார், குணம் எப்படி என்று. பிறகு என்னிடம் வந்து கன்னடத்தில், "அஜ்ஜா, நிம் மேலே ஏனாத்ரூ கேஸ் இத்யா?" என்று கேட்டார். என் மேல் என்ன கேஸ் இருக்கும்! பாஸ்போர்ட்டுக்கு எல்லாருக்கும் இப்படித்தான் என்று விஜி சொல்கிறான். அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம். மாதம்மாவின் தம்பி போலீசில் இருந்து ரிட்டையர் ஆனவர் என்று சந்துரு வாயாலேயே கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது பெண் வீட்டார் செய்கிற காரியம்தான், ஆனால் சீருடையில் ஆள் அனுப்பியா விசாரிப்பார்கள்? வாத்தியார் வேறு "தங்கமான மனுஷர்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். "என்னய்யா வாத்தியாரே, குடிகாரன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே" என்று கேட்டேன். "பொய் சாட்சி சொல்றது பாவம் கரியப்பன்" என்கிறார். அவருக்குப் பாவம் போயிற்று, எனக்கு மாலை விழப் போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மாதம்மாவே வந்துவிட்டாள். டிரிப்பைப் பற்றிப் பேசி முடிவு செய்யலாம் என்று சந்துரு கூட்டி வந்தான். தட்டில் வெற்றிலை, வாழைப்பழம், மல்லிகைப்பூ. ஒரு வீட்டுக்கு வருகிறவர்கள் வெறும் கையோடு வர மாட்டார்கள் என்று சுசித்ரா சொல்கிறாள். சரி, அப்படியானால் ரொட்டிப் பொட்டலம் வாங்கி வரலாமே. எனக்குப் பார்க்க வேண்டும் என்றில்லை, எதிரே உட்கார வைத்ததால் பார்த்தேன். வாட்டசாட்டமான மனுஷி. கண் ஒரு இடத்தில் நிற்காது, சுவர், கூரை, நான், மறுபடி சுவர். சுசித்ரா ராகிக் களியும் கீரைக் குழம்பும் போட்டாள். மாதம்மா என் தட்டையே பார்த்துக்கொண்டு, "மைசூருக்கு வந்தும் களி திங்கறீங்களா? மாத்தர என்ன முழுங்கறீங்க?" என்றாள். சர்க்கரைக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று என்றேன். "ராத்திரி கொறட்ட விடுவீங்களா?" என்றாள். மச்சான், அந்தக் களி அன்றைக்கு என் தொண்டையில் இறங்கவில்லை, நம் பக்கத்து வழக்கப்படி உருட்டி முழுங்காமல் மென்று மென்று தின்றேன். இதை ஒரு அந்நிய மனுஷி எதற்குக் கேட்க வேண்டும்? விஜியும் சந்துருவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அப்புறம் சந்துரு போனில் அறைகளின் படத்தைக் காட்டி, "முட்டி வலிக்குப் படி ஏற வேண்டாம். பெரியவங்களுக்குக் கீழ, பக்கத்துப் பக்கத்து ரூம். அம்மாகூட தமிழ்ப்ரியா படுத்துக்குவா, நடுவுல ஒரு கதவு, ஏதாச்சும்னா கூப்பிட்டுக்கலாம்" என்றான். நடுவில் ஒரு கதவு! அவர்கள் போனதும் நான் பேத்தியிடம், "உள்ள தாப்பாள் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "அப்பாரு, ஸ்வல்ப சும்னிரி, நான் மெனு நோடுத்தாயிதீனி" என்று, கொஞ்சம் சும்மா இருங்கள், சாப்பாட்டுப் பட்டியல் பார்க்கிறேன் என்பதைக் கன்னடத்தில் சொல்லிப் போனுக்குள் போய்விட்டாள்.

நேற்று கடைசி ஆணி. சுசித்ரா ஒரு பை நிறைய வாங்கி வந்தாள். எனக்கு ஒரு சட்டை, மஞ்சளில் பெரிய பெரிய செம்பருத்திப் பூ. "கடக்கரையில எல்லாரும் இதுதானுங்க மாமா போடுவாங்க" என்கிறாள். நான் மாப்பிள்ளையாக இருந்தபோது கூடப் பூ கழுத்தில்தான் இருந்தது, சட்டையில் இல்லை. அடுப்படியில் அவளும் விஜியும் பேசியது காதில் விழுந்தது. என் காது பெரியது, அதை ஆபீசிலேயே பார்த்துவிட்டார்கள். விஜி சொல்கிறான்: "ஹனிமூன் பேக்கேஜ்ல போட்டாத்தான் ரேட்டு கம்மியாகுது. ஒரு ரூமுக்குக் கட்டில்ல பூ அலங்காரம் பண்ணித் தருவானாம்." அவள் சிரித்து, "யாரு ரூமுக்கு?" என்றாள். அவன், "ஆருக்கு வேணுமோ அவிங்க எடுத்துக்கட்டும்" என்றான். மச்சான், நான் அப்போது மாதேவி படத்துக்குக் கீழே நின்றிருந்தேன். காலையில் வைத்த பூ அந்தப் படத்தில் வாடிக்கொண்டிருந்தது. இங்கே கட்டிலுக்குப் பூ.

நேரில் கேட்டுவிடலாமே என்பீர்கள். எப்படிக் கேட்பது? வழக்கப்படி யாரும் எதையும் சொல்லவில்லை. சொல்லாததை மறுத்தால் நானே ஆசைப்பட்டுக் கேட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் நீங்கள் வர வேண்டும். அவள் கூடப் பிறந்தவர் நீங்கள். என்னை முதலில் மலை ஏற்றிவிட்டவரும் நீங்கள்தான், இறக்கிவிட வேண்டிய பொறுப்பும் உங்களுடையதுதான். வந்து வாசலில் நின்று, "என்ற தங்கச்சி எடத்துல இன்னொருத்தியா?" என்று ஒரு சத்தம் போட்டால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பஸ்சுக்குப் புறப்படும்போது கால் வலி, மழை, மாட்டுக்குச் சீக்கு என்று சொல்லாதீர்கள். உங்கள் மொட்டையையும் இப்படித்தான் இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போட்டீர்கள்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் குலம் தழைத்து, கிணறு வற்றாமல், மாடு முட்டாமல் நல்லபடி இருக்க இந்தக் கிழவனின் ஆசி எப்போதும் உண்டு. வாத்தியார் தம் பங்குக்கு ஸ்தோத்திரம் சொல்கிறார், அதையும் பெற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு உங்கள் தங்கை புருஷனாகவே இருக்க விரும்பும்
கரியப்பன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: மேலே உள்ளதை ஒட்டித் தபாலில் போடுவதற்குள் உறையைக் கிழிக்க வேண்டியதாகிவிட்டது. இன்றைக்குக் காலையில் சந்துரு போன் செய்தான். வழக்கம் போல ஸ்பீக்கர். "டேய் விஜி, அம்மா வரமாட்டேங்குது" என்கிறான். பின்னாலிருந்து மாதம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு பேசியதை அப்படியே சொல்கிறேன்: "ஏப்பா விஜி, எனக்கு எல்லாந் தெரியும். மலைக்குச் சும்மா போலாம்னுதான் எங்கப்பனும் என்னயக் கூட்டிட்டுப் போனாரு. இப்ப கடலுக்குச் சும்மா போலாங்கறீங்க. உங்கப்பன என்ற தலையில கட்டப் பாக்கறீங்களா? கொறட்ட விடுவாராங்கறதக் கூட கேட்டுப் பாத்துட்டேன், பதிலக் காணம். அந்த மனுசன் களிய மென்னு திங்கறாரு! களிய முழுங்கத் தெரியாதவருகூட நான் கப்பல் ஏற மாட்டேன்."

வீட்டில் எல்லாரும் தரையில் உருண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்து விஜி என் பக்கத்தில் உட்கார்ந்தான். "அப்பா, அம்மா போனதுல இருந்து நீங்க இந்தத் தெருவத் தாண்டி எங்கயும் வரலீங்க. அந்தம்மாவும் அப்படித்தான் கதவச் சாத்திட்டு இருக்காங்க. நாங்க தண்ணியில எறங்கற நேரத்துல ரெண்டு பேரும் ஒரு மர நெழல்ல ஒக்காந்து பேசிட்டு இருப்பீங்கன்னுதானுங்க. வேற ஒண்ணும் இல்ல" என்றான். நம்பலாம் என்று நினைக்கிறேன். முழுசாக இல்லை.

ஆனால் மச்சான், இது வேறு விஷயம். நம் வழக்கத்தில் பிடிக்காவிட்டால் வாய் விட்டுச் சொல்வது உண்டா? சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பேசாமல் போவதுதானே மரியாதை? ஸ்பீக்கரில் சொல்லிவிட்டாள், தெருவே கேட்டது. ஹனூர்க்காரனுக்குக் களி முழுங்கத் தெரியாதா? அன்றைக்குத் தொண்டை அடைத்தது யாரால்? வேண்டாம் என்று முதலில் சொல்ல வேண்டியவன் நான். அதற்கு அவள் வந்தால்தானே நான் சொல்ல முடியும்?

அதனால் நீங்கள் இங்கே சத்தம் போட வர வேண்டாம். நேரே கொள்ளேகாலுக்குப் போய் மாதம்மாவைப் பார்த்து, கரியப்பன் ஒரு உருண்டைக் களியை ரெண்டு வாயில் முழுங்குகிற ஆள் என்று சொல்லி, எப்படியாவது கிளப்புங்கள். சுசித்ரா ராகி மாவு மூட்டை கட்டுகிறாள், அந்தத் தீவில் கிண்டிப் போடச் சொல்லி மாதம்மா கண் முன்னால் முழுங்கிக் காட்டுகிறேன். மாதேவி உங்கள் வீட்டுப் பெட்டியில் வைத்த என் ஜரிகைக்கரை வேட்டியை அனுப்பி வையுங்கள். பூச்சட்டையைப் போட்டுப் பார்த்தேன், அளவு சரியாகத்தான் இருக்கிறது. மாதேவி படத்துக்கு முன்னாலும் நின்று காட்டினேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் விஜியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அங்கே யார் என்ன சொன்னாலும் சரி, இந்தத் தடவை மொட்டை போட மாட்டேன்.