இன்னும் முடிவு பண்ணாதவர்

கதவைத் தட்டுவது எஸ்டெல்தான் என்று வில்ஃப்ரெட்டுக்குத் தட்டலிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் சமையலறை மேஜையில் ஹார்லன் உட்கார்ந்து இரண்டாவது டோனட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

எஸ்டெல் கழுதைச் சின்னக் கட்சியின் செனட்டர் ஹாலிடேக்காக ஓட்டுக் கேட்பவள். ஹார்லன் யானைச் சின்னக் கட்சி, ஆளுநர் ப்ரெஸ்காட்டின் ஆள். இரண்டு பேரிடமும் வில்ஃப்ரெட் ஒரே பொய்யைத்தான் சொல்லிவைத்திருந்தார்.

"இன்னும் முடிவு பண்ணலை."

நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியிலும் சேராதவனுக்கு, கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல் வந்துவிட்டால் மாப்பிள்ளை மரியாதை. அன்றைக்குப் போய் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். அதனால் இரண்டு தரப்பும் வாசலிலேயே கிடக்கும். உண்மையில் வில்ஃப்ரெட் கோடையிலேயே முடிவு பண்ணிவிட்டார். ஓட்டு ஆளுநருக்கு. பனி வாரும் வண்டி ஓட்டிய காலம் முழுக்க அவர் யானைச் சீட்டைத் தவிர வேறொன்றைத் தொட்டதில்லை.

ஆனால் மார்ச் மாதம் அவர் மனைவி ஒடெட் இறந்துபோனாள். அதன்பிறகு அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் முனகிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவர் ரேடியோவை உரக்க வைத்துப் பார்த்தார். ரேடியோ பேசியது, 'இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுமா' என்று கேட்கவில்லை.

அக்டோபரில்தான் எஸ்டெல் முதலில் வந்தாள். பக்கத்து ஊர்க்காரி, அறுபதைத் தாண்டியவள். செனட்டரைப் பற்றிக் கொஞ்ச நேரம், தன் முழங்கால் வலியைப் பற்றி நிறைய நேரம் பேசினாள். கிளம்பும்போது கேட்டாள்.

"அப்ப உங்க ஓட்டை நாங்க நம்பலாமா?"

ஆமாம் என்றால் வரமாட்டாள். இல்லை என்றாலும் வரமாட்டாள்.

"இன்னும் முடிவு பண்ணலை," என்றார் வில்ஃப்ரெட்.

"அப்ப செவ்வாய்க்கிழமை மறுபடி வர்றேன்."

அன்றிரவு அவர் ரேடியோ போடவில்லை.

அப்படிப் பழகிப்போன ஒரு ஜனவரிச் செவ்வாய்க்கிழமைதான் இது. வெள்ளிக்கிழமை வரவேண்டிய ஹார்லன் இன்றைக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஹார்லன், கீழே பாய்லர் என்னமோ சத்தம் போடுது. கொஞ்சம் பார்க்கறீங்களா?"

"பாய்லரா? எங்கிட்ட விடுங்க பெரியவரே!" கையில் டோனட்டோடு, வீட்டைச் சூடாக்கும் பாய்லர் இருந்த நிலவறைக்கு இறங்கினார் ஹார்லன்.

எஸ்டெல் உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றினாள். பேச்சு நன்றாகத்தான் போனது. ஆனால் சற்று நேரத்தில் அவள் கோட்டை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"என்ன வில்ஃப்ரெட், வீடு ஐஸ்பெட்டி மாதிரி இருக்கு? விறகுக்குப் பஞ்சமா?"

அதற்குள் முகமெல்லாம் கரியோடு ஹார்லன் படியேறி வந்தார். "சத்தத்தை நிறுத்திட்டேன் பெரியவரே! பாய்லரே நின்னுபோச்சு!" பிறகுதான் எஸ்டெல்லைப் பார்த்தார். "ஓகோ. கழுதைக்கும் இங்கேதான் தீனியா?"

"யானை தின்னது போக மிச்சம் இருந்தாத்தானே," என்றாள் எஸ்டெல். அதற்குமேல் அவள் சண்டைக்குப் போகவில்லை. துண்டுப் பிரசுரத்தை எடுத்துச் செனட்டரின் கொள்கைகளைப் பலசரக்குச் சீட்டு மாதிரி படித்துவிட்டு, "காபி இருக்கா?" என்று கேட்டாள்.

ஹார்லன் லேசில் விடுகிற ஆளில்லை. "என்னதான் பெரியவரே உங்க சந்தேகம்? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

சந்தேகமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வரி, மருந்து விலை, சாலைப் பள்ளம் என்று எல்லாவற்றையும் கேட்டாகிவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னார் வில்ஃப்ரெட்.

"கடல் மீன். அதைப்பத்தி யாரும் ஒண்ணும் சொல்லமாட்டேங்கறாங்க."

அந்த ஊரிலிருந்து கடல் வெகு தூரம். ஆனாலும் வெள்ளிக்கிழமை ஹார்லன் ஒரு மீனவரையே காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவரிடமிருந்து தப்பிக்க வில்ஃப்ரெட் மீனைவிட்டு மானுக்குத் தாவினார். மானுக்காக வனத்துறையில் இருந்த ஒருவர் வந்தார். கடைசியில் ஹார்லன் டிவிக்காரர்களைக் கூட்டிவந்தார். வில்ஃப்ரெட்டின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டினார்கள்.

"முடிவு பண்ணிட்டா எல்லாம் முடிஞ்சுபோயிடும் இல்லையா?" என்றார். ஒடெட் ஞாபகத்தில் வந்த பேச்சு அது. டிவிக்காரர்கள் அதை ஜனநாயகத் தத்துவமாக எடுத்துக்கொண்டு, மாநிலத்திலேயே ஆழமாக யோசிக்கிற வாக்காளர் என்று ஒளிபரப்பிவிட்டார்கள்.

அவ்வளவுதான். மறுநாள் முதல் வாசலில் கூட்டம். நீலத் தொப்பிக் கழுதைக்காரர்கள், சிவப்புத் தொப்பி யானைக்காரர்கள். ஒருவன் அவருடைய வாசல் பனியை வாரினான், மற்றவன் அதையே இன்னொரு முறை வாரினான். ஒடெட் நட்ட ரோஜாப் புதர்மேல் யாரோ போஸ்டரை நட்டுவிட்டார்கள். சமையலறையில் நிற்க இடமில்லை. ஆனால் அவர் சாப்பிட்டாரா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எஸ்டெல்லின் பழைய கார் தெருமுனையில் தெரிந்தது. வில்ஃப்ரெட் செருப்போடு பனியில் ஓடினார். கார் நீலத் தொப்பிகளைக் கண்டதும் ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு திரும்பிப் போய்விட்டது.

அவர் வாசலில் ஏறி நின்று கத்தினார். "போதும், போங்க எல்லாரும்! முடிவு பண்ணிட்டேன். செனட்டர் ஹாலிடேக்குத்தான் என் ஓட்டு!"

நீலத் தொப்பிகள் கைதட்டின. ஹார்லனின் முகம் சுருங்கிப்போனது. "மீனும் மானும் என் கைக்காசு பெரியவரே," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பொழுது சாய்வதற்குள் வாசல் காலி.

முடிவு பண்ணியவர் வீட்டுக்கு யார் வருவார்கள்? அடுத்த செவ்வாய்க்கிழமை பட்டாணி சூப் வைத்து இரண்டு கிண்ணம் எடுத்துவைத்தார். சூப் ஆறி ஏடு கட்டியது. அவளுடைய போன் நம்பரைக் கேட்டு வைத்துக்கொள்ளாத மடத்தனத்தை நினைத்து நினைத்து நொந்துகொண்டார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பிரைமரி. பள்ளிக்கூட ஜிம்மில் வரிசை.

"எந்தச் சீட்டு வில்ஃப்ரெட்?" என்று கேட்ட அதிகாரி, பதிலுக்குக் காத்திராமல் யானைச் சீட்டை நீட்டினார். எத்தனை வருஷப் பழக்கம்!

"அது வேண்டாம். மத்தது," என்றார் வில்ஃப்ரெட். தடுப்புக்குள் போய்ச் செனட்டர் பெயருக்கு எதிரே கறுப்பாக அழுத்தித் தீட்டினார். பிடிக்காத ஆள். ஆனால் அவளிடம் போய்ச் சொல்ல ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை சவரம் செய்துகொண்டு, ஒடெட் பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பக்கத்து ஊரில் இருந்த ஹாலிடே அலுவலகத்துக்கு வண்டியை ஓட்டினார். ஆட்கள் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஜோனி என்ற பெண் சுவரிலிருந்து போஸ்டர்களைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"எஸ்டெல்லைப் பார்க்கணும்மா," என்றார் வில்ஃப்ரெட். "செவ்வாய்க்கிழமைதோறும் எங்க வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வருவாங்க. அவங்க சொன்ன ஆளுக்கே போட்டுட்டேன்னு சொல்லணும்."

ஜோனி கிழிப்பதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எஸ்டெல்லா? அவங்க நவம்பர்லயே, தாங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிஞ்ச கையோட எங்களை விட்டுப் போயிட்டாங்களே ஐயா! 'என் ஓட்டு ஆளுநருக்குத்தான், இனிமே உங்க ஆளுக்காக ஒரு கதவைக்கூடத் தட்டமாட்டேன்'னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டில்ல போனாங்க!"