நெட்டு பாயும் முந்நூறு குடித்தனமும்

கண்ணால் பார்த்தே இராத ஆட்களோடு சண்டை போடுவதில் நெட்டு பாயை மிஞ்ச வேலூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் ஒருவர் கிடையாது. அவருக்கும் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். பைபாஸ் ஓரம் கடை போட்டு, ஷூ கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதால் ஊருக்கே அவர் நெட்டு பாய்.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் தோல் தைக்கிற என் கைக்குக் குறை சொல்ல ஆள் இல்லை. பன்னிரண்டு பெண்களை வைத்துப் பெரிய கம்பெனிகளுக்கு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பெயரிலேயே செருப்பு விற்க ஆசை வந்தது. பாய்தான் வெப்சைட் போட்டுத் தந்தார். டெல்லி வியாபாரி ஒருவர் சாம்பிளைப் பார்த்துவிட்டு, தையல் பிரமாதம், ஆனால் பெயரைத் தேடினால் நெட்டில் ஒன்றும் வரவில்லையே, நிஜமாக இருக்கிற கம்பெனிதானா என்று கேட்டார். பெயர் வந்தால் ஆர்டர். இல்லையென்றால் பழையபடி அடுத்தவர் பெயருக்குத் தைக்க வேண்டியதுதான்.

பாயிடம் சொன்னேன். இரண்டு நாள் துருவிவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மா, நம்ம சைட்டு தனி வூட்ல இல்ல. ஒரே கதவு நம்பர்ல முந்நூறு சைட்டு குடித்தனம். சீட்டாட்டக்காரன் இருக்கான், தொப்பை கரைக்கிற மாத்திர விக்கிறவன் இருக்கான். அவனுங்க கெட்ட பேரு நம்ம மேலயும் ஒட்டிக்கிது."

"காலி பண்ணச் சொல்லுங்க பாய்."

பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பின் கழிவு நம் கிணற்றில் இறங்கும் ஊர் இது. பக்கத்துக்காரனால் நாம் கெடுவோம் என்றால் இங்கே யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. பாய் வேறு, அக்கம்பக்கம் சரியில்லை என்றே நான்கு முறை வாடகை வீடு மாறியவர்.

முந்நூறு பேருக்கும் மெயில் போட்டார். நாம் ஒரே நம்பரில் குடியிருக்கிறோம், தயவுசெய்து மானமாக நடந்துகொள்ளவும் என்று. சீட்டாட்டக்காரனிடமிருந்து உடனே பதில் வந்தது, முதல் ஆட்டம் இலவசமாம். மாத்திரைக்காரன் ஒரு மாதம் விடாமல் பாயின் தொப்பையை நலம் விசாரித்தான்.

மனிதராகப் பேசியது குடியாத்தத்து லுங்கிக் கடைக்காரர் ஒருவர்தான். தன்னால் ஏதும் தொந்தரவா என்று பதறிப் போன் செய்து, பஸ்ஸில் இரண்டு லுங்கியும் கொடுத்தனுப்பினார். பாய் உருகிப்போனார். அந்த நல்லவர் கடையைப் பாருங்கள் என்று லேப்டாப்பில் பெயரைத் தட்டினார். முதல் ஆளாக வந்து நின்றது.

"இவரும் அதே வூட்லதான இருக்காரு பாய்?"

"ஆமாம்மா."

"அப்ப இவரு மட்டும் எப்டி வெளிய தெரியறாரு?"

பாய் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு எங்கள் சைட்டின் உள்பக்கத்தைத் திறந்தார். காது சிவந்தது. வேலை முடிகிறவரை தேடுகிறவர்கள் கண்ணில் பட வேண்டாம் என்று, ஆரம்பித்த அன்றே அவரே ஒரு டிக் போட்டிருக்கிறார். எடுக்க மறந்து மூன்று மாதம்.

"உள்பக்கம் தாப்பா போட்டது நான்தாம்மா," என்றார் மெதுவாக. டீ குடித்ததும் தெம்பு வந்துவிட்டது. "ஆனா நம்ம கம்பெனி அனுப்பற மெயிலு ஸ்பேம் குப்பைல போய் விழுதே, அது அந்த சீட்டாட்டக்காரனாலதான். அதுல நான் எறங்கி வரமாட்டேன்."

அது மெய்தானாம். அவன் அனுப்பிய கண்ட மெயிலுக்கெல்லாம் எங்களுக்கும் சேர்த்து அடி விழுந்திருக்கிறது.

டிக்கை எடுத்து ஒரு வாரத்தில் எங்கள் பெயர் வந்தது. பின்னாலேயே ஆர்டரும் வந்தது. நடந்ததைக் கேட்ட டெல்லிக்காரர், இவ்வளவு பெரிய தப்பு செய்த ஆள் வேண்டாம், தன் ஆள் வெப்சைட்டை இலவசமாகவே புதிதாகப் போட்டுத் தருவான் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். எங்களுக்காக முந்நூறு வாசலில் போய் நின்று சண்டை போட அந்த ஆள் வருவானா?

எங்கள் பெயர் பொறித்த முதல் ஜோடியை நானே தைத்தேன். பாயின் கால் அளவுக்கு.