வெளித்தீவு உரிமமும் யோசப்பின் அக்காவின் வலது தோளும்

மனிதருக்கு நோய் வருவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. சட்டத்திலுள்ள இந்தப் பெருங்குறையை உரியவர்கள் கவனத்திற் கொள்வார்களாக. இப்போதைக்கு நோயை மாற்றுவதற்கு மட்டும்தான் அனுமதி வேண்டும்.

என்ர கூட்டாளி யோசப்பின் அக்கா சிசிலித் தீவின் பலேர்மோ துறைமுகத்தில், நாப்போலிக்குப் போய்வருகிற கப்பலின் அறைகளைத் துப்புரவாக்குகிறவ. மேல்கட்டில் மெத்தையொன்றை இழுக்கேக்குள்ளை வலது தோளுக்குள் ஏதோ கிழிந்துபோனது. மூன்று கிழமைக்குள் தைக்கவேணும், பிந்தினால் தைக்கிறதுக்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பயப்பிட ஒன்றுமில்லை, வேலைக் கம்பனி எல்லாருக்கும் மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்கிறது. ஆனால் காப்புறுதிக்காரர் தாங்கள் ஒன்றையும் வாசிக்கமாட்டினம். டொக்டர்மாரின் துண்டுகளை வாசித்து ஓம், இல்லை சொல்லுகிற வேலையைக் கடலுக்கு அப்பால் வட இத்தாலியில், பேர்கமோவிலுள்ள வேறொரு நிர்வாகக் கம்பனிக்குக் குடுத்திருக்கினம். அந்தக் கம்பனி நாலே நாளில் ஓம் சொல்லிவிட்டது.

ஒரு அலுவலகம் நாலு நாளில் ஓம் சொன்னால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. சிசிலித் தீவில் புதிதாகத் திறக்கப்பட்ட வெளித்தீவு நிர்வாகிகள் உரிமப் பணியகம் அறியத்தருவது யாதெனில்: தீவுக்கு வெளியே வதியும் நிர்வாகிகள் தீவுக்குள் வதியும் நோயாளருக்குத் தெரிவிக்கும் சம்மதங்கள், உரிமம் பெறும்வரை செல்லுபடியாகா. மறுப்புகள் வழமைபோல் செல்லுபடியாகும்.

அக்கா எங்கட தமிழ்ச் சங்கத் தலைவர் கோபாலசிங்கத்தாரைக் கூட்டிக்கொண்டு பணியகத்துக்குப் போனா. கோபாலசிங்கத்தார் கிழமை நாட்களில் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் மீன் வெட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவர். முந்தி வன்னியில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். ஆகையால் அதிகாரி என்ன இத்தாலியன் கதைத்தாலும் அது அவருடைய வாயால் சுற்றறிக்கையாகத்தான் வெளியே வரும்.

"நிர்வாகி தீவுக்கு வெளியே வதிகிறார் என்பதற்கான சான்றிதழ் சமர்ப்பிக்கப்படல் வேண்டுமாம்," என்றார்.

"அதை ஆர் அண்ணை தாறது?"

"இதே பணியகத்தின் மூன்றாம் மாடி. நிர்வாகி நேரில் தோன்றுதல் அவசியமாம்."

"நேரிலை வந்தால் அவர் இஞ்சையெல்லோ நிப்பார்?"

கோபாலசிங்கத்தார் அதை அதிகாரியிடம் கேட்டார். அதிகாரி கழுத்துப் பட்டியில் தொங்கிய அட்டையைத் தடவினார். உண்மையிலேயே கவலைப்படுகிற முகம்.

"நிற்பாராம். ஆகவே சான்றிதழ் மறுக்கப்படுமாம்."

அப்ப என்ர தோளுக்கு என்ன வழி என்று அக்கா கேட்டா. தோள் தீவுக்குள்தான் இருக்கிறது, அதில் பணியகத்துக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை என்று பதில் வந்தது. இருவரும் எழும்பேக்குள்ளை அதிகாரி இன்னொரு வழி சொன்னார். வெளியாருக்குப் பதிலாக உள்ளூரில் ஒரு பிரதிநிதிச் சபை இருந்தால், உரிமத்தை அந்தச் சபைக்கே குடுக்கலாம். பேர்கமோவின் ஓமுக்கு அந்தச் சபையும் ஒருக்கால் ஓம் எண்டால் போதும்.

சபை என்ற சொல் காதில் விழுந்ததும் கோபாலசிங்கத்தாரின் முள்ளந்தண்டு நிமிர்ந்ததை அக்கா பக்கத்திலிருந்து பார்த்தா. இருபது வருசமாக இந்த ஊரில் எந்தக் கந்தோரும் அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை.

கோடை விளையாட்டுப் போட்டிக்குக் குழு அமைக்கவே எங்களுக்கு மூன்று மாதம் பிடிக்கும். சபை நாலு நாளில் பிறந்தது. தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், போசகர்கள் அறுவர். போர்கோ வெக்கியோவில் வட்ட முத்திரை வெட்டுவித்தார்கள். எல்லாருக்கும் நீலக் கழுத்துப் பட்டி, படம் போட்ட அட்டை. சிலபேர் அதோடை பூசைக்கும் வந்தினம். அதிகாரியை அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதோடு எட்டுப் படம் எடுத்தார். அடுத்தநாட் காலமை உரிமம் வந்தது.

ஆக, பத்தொன்பதாம் நாள் ஞாயிறு, கோயில் மண்டபத்தில் சபையின் முதல் அமர்வு. ஒரேயொரு விண்ணப்பம். திங்கள் விடிய ஆஸ்பத்திரியில் கட்டில் தயார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ஓம் சொல்லத்தான் வந்திருந்தோம்.

செயலாளர் அருளையா சபையின் யாப்பை, அதாவது விதிகளை, வாசித்தார். பதினோராம் பிரிவு: விண்ணப்பதாரர் தமது சம்மதத்தை வலது கரத்தை முழுமையாக உயர்த்தித் தெரிவித்தல் வேண்டும்.

அக்கா இடக்கையை உயர்த்தினா. அருளையா பேனையை மேசையில் வைத்தார்.

"அக்கா, சபைக்கு முன்னாலை இடக்கை காட்டுறது மரியாதையில்லை."

"தம்பி, வலக்கை எழும்பாதபடியாத்தானே நான் இஞ்சை வந்தனான்."

இது நியாயமான வாதம் என்று தலைவர் ஏற்றுக்கொண்டார். யாப்பைத் திருத்தலாம், பதினான்கு நாள் முன்னறிவித்தல் போதும் என்றார். இடக்கையால் வலக்கையைத் தாங்கித் தூக்கினால் அது எந்தக் கையின் சம்மதம் என்று அரை மணித்தியாலம் விவாதம் நடந்தது. போசகர் இருவர் கோபித்துக்கொண்டு வெளியே போய், தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தினம்.

"அண்ணை, நாளைக்கு விடிய நான் போகவேணும்," என்றா அக்கா.

பிறகு ஒருவரையும் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு வலக்கையைத் தானே தூக்கினா. நெஞ்சு தாண்டியது. காது தாண்டியது. கண்ணால் தண்ணி ஓடியது. கை தலைக்கு மேலே போனதும் மண்டபமே கைதட்டியது. நான் விசிலும் அடித்தேன்.

அருளையா கண்டதைக் கண்டபடி எழுதினார். எழுதியதை எழும்பி நின்று வாசித்தார்.

"விண்ணப்பதாரர் தமது வலது கரத்தை எவரது உதவியுமின்றித் தலைக்கு மேலே உயர்த்தியதைச் சபை நேரிற் கண்டது. எனவே சத்திரசிகிச்சைக்கான தேவை காணப்படவில்லை. அறிக்கையை ஏற்போர் கையை உயர்த்துக."

தட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே மேலே போயின. என்ரையோடு சேர்த்து நாற்பத்திரண்டு. அக்காவின் கை வலியில் இறக்க ஏலாமல் மேலேயே நின்றது. அதையும் எண்ணினார்கள், நாற்பத்துமூன்று.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.