ஆமைக் காசுக்கு ஒரு பிராது

நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பழமலைநாதனிடம் இருந்தது ஒன்றுதான். அந்த ஒன்றையும் செவ்வாய்க்கிழமை காலையில் காணவில்லை.

விருத்தாசலத்துச் செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்கு மூக்கும் முழியும் வரைகிறவன் அவன். போனில் பார்த்து ரகசியமாக வரவழைத்துவிட்டு, சும்மா வந்ததென்று வீட்டில் சொல்லி வைத்திருந்த காசு அது. நடுக்கடலில் ஏதோ ஒரு துக்கடாத் தீவின் பெயர், ஒரு பக்கம் ஆமை, மறுபக்கம் பத்து டாலர். உலகத்திலேயே ஐந்நூறுதான் அடித்தார்களாம்.

"அந்தத் தீவுல எத்தினி சனம் இருக்குது?" என்று காசு வந்த அன்றே கேட்டாள் மனைவி சிவசங்கரி.

"சனமே கெடையாது. ஆமைதான்."

"அப்ப பத்து டாலரை ஆமை எந்தக் கடையில மாத்தும்?"

அவன் காசைத் துடைத்து பீரோவுக்குள் வைத்தான். அந்தக் காசின் மேல் அவனுக்கு உயிர். காணோம் என்றதும் பீரோவைக் கலைத்தான், பருப்பு டப்பாவைக் கொட்டினான். சிவசங்கரி மேல் ஒரு சந்தேகம். அவள் காதில் விழும்படி முழங்கினான்.

"கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயி பிராது கட்டப்போறேன். எடுத்தவங்களை முருகன் பாத்துக்குவாரு!"

களவுபோனதை மனுவாக எழுதிச் சூலத்தில் கட்டினால் மூன்று மாதத்தில் தீர்ப்பு என்பது ஊர் நம்பிக்கை. சிவசங்கரி மிரளவில்லை. தாளும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க, நான் எழுதுறேன். உங்க கையெழுத்து முருகனுக்கே புரியாது."

இவள் எடுக்கவில்லை என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது. அப்படியானால் இனி முருகனை விட்டால் வழியில்லை.

"காசைக் காணல. எழுது."

"அது எப்புடி வந்துச்சு?"

"சிநேகிதன் சும்மா குடுத்தது."

"சாமிக்குப் போற மனுங்க. பொய்யின்னா எழுதுன என் கைதான் வெளங்காம போவும். சும்மான்னே போடட்டுமா?"

ஆமையா, மானமா? ஆமை வென்றது.

"நாலாயிரம் குடுத்து வாங்குனேன்."

"ஏது நாலாயிரம்?"

"மிக்ஸிக்கு வச்சிருந்தது."

"மிக்ஸி கம்பெனியையே மூடிட்டாங்கன்னு சொன்னீங்களே?"

"அதையும் எழுதிக்க" என்றான் ஈனஸ்வரத்தில்.

அவள் குண்டு குண்டாக எழுதி, கையெழுத்து வாங்கி, தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"குடு, கோயிலுக்குப் போவணும்."

"எதுக்குங்க இந்த வெயில்ல? பிராது வந்து சேர வேண்டிய எடத்துக்கு வந்துடுச்சு. மிக்ஸி வூட்டுக்கு வர்ற அன்னிக்கு ஆமையும் வந்துடும்."

முருகன் கொடுக்கும் கெடு மூன்று மாதம். சிவசங்கரி கொடுத்தது ஞாயிற்றுக்கிழமை வரை.